கார்த்திகைப்பூவும் கலப்பைக்கிழங்கும்

மாரி மழை இறங்கிச் சில கிழமைகள் சென்றதும் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய்ப் பக்கத்துப் பற்றைகளிலும் வேலிகளிலும் ஒரு கொடி தலைகாட்டும். யாரும் நடவில்லை, யாரும் நீர் ஊற்றவில்லை. கார்த்திகை மாதம் பிறக்கும்போது அது சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும். கார்த்திகைப்பூ என்று அதைச் சொல்லுகிறோம். பூவைத் தெரியாதவர் எம்மில் எவரும் இல்லை. ஆனால் அந்தப் பூவுக்குக் கீழே மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைத் தெரிந்தவர்கள் வரவரக் குறைந்து வருகிறார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கிழங்கையும் சேர்த்தே பேசுகிறது.

எமது முன்னோர் ஒரு காட்டுச் செடியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டால் உணவு, மருந்து, வழிபாடு என்று அடுக்கிச் சொல்லுவோம். எட்ட நிற்பதும் ஒரு பயன்பாடுதான். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, யார் தொடலாம் என்ற அறிவும் எமது மரபுச் செல்வத்தில் சேர்ந்ததே. கார்த்திகைப்பூ இதற்கு நல்ல உதாரணம்.

பெயர்கள் சொல்லும் செய்தி

இந்தச் செடிக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. பூக்கும் மாதத்தால் கார்த்திகைப்பூ. பழைய இலக்கியங்களில் காந்தள், தோன்றி. சிவந்த பூவைச் செங்காந்தள் என்பர். கிழங்கு பழைய மரக்கலப்பையைப் போல இரு கிளையாக வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. வடமொழியில் கலப்பையை லாங்கலம் என்பார்கள். அதனால் மருத்துவ நூல்களில் இது இலாங்கலி ஆயிற்று. நெருப்புச் சுடர் என்று பொருள்படும் அக்கினிசிகை என்ற பெயரும் அங்கே உண்டு. சிங்கள மக்கள் இதை நியங்கலா என்கிறார்கள். அவர்களுடைய கிராமங்களிலும் இதன் கிழங்கு நஞ்சு என்பது பழைய செய்தி.

தமிழ்நாட்டில் இன்னொரு பெயர் வழங்குகிறது: கண்வலிப்பூ, கண்வலிக்கிழங்கு. இந்தப் பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று அங்குள்ள கிராமத்தவர் பிள்ளைகளுக்குச் சொல்லுவார்கள். பார்ப்பதால் கண்வலி வராது. ஆனாலும் அந்தப் பேச்சைக் கேலி செய்யத் தேவையில்லை. கண்ணைக் கவரும் பூவைப் பார்க்கவே பயப்படும் பிள்ளை அதன் வேரைக் கிண்டப் போகாது. எழுதப் படிக்கத் தெரியாத காலத்து எச்சரிக்கைப் பலகை அது.

கொடியின் வாழ்க்கை

கார்த்திகைப்பூவின் ஆண்டு எமது காலபோகத்தோடு சேர்ந்தே நடக்கிறது. முதல் மழையோடு கிழங்கு முளைக்கிறது. தண்டு மெல்லியது. இலை நீண்டு ஒடுங்கி, காம்பில்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கும். இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி, பக்கத்துப் பற்றையையோ கதியாலையோ பிடித்து ஏறும். இந்தச் சுருள் நுனியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செடியை அடையாளம் காண இதைவிட நல்ல வழி இல்லை.

மொட்டு பச்சையாக இருக்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்பக்கமாக மடிந்து மேல்நோக்கி நிற்கும். ஓரங்கள் நெளிநெளியாக இருக்கும். முதலில் மஞ்சள், பிறகு நுனியிலிருந்து சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. பூ வாடியபின் நீண்ட காய் வைத்து, காய் வெடித்து, சிவந்த விதைகள் தெரியும். பிள்ளைகள் விளையாட எடுக்கக்கூடிய நிறம் அது. அந்த விதையும் நஞ்சுதான்.

மழை முடிந்து வெயில் ஏற, கொடி காய்ந்து மறைந்துவிடும். பழைய கிழங்கு சுருங்கிப் போக, அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகி மண்ணுக்குள் உறங்கும். அடுத்த மழை வரை வெளியே எந்த அடையாளமும் இருக்காது. ஆபத்து இங்கேதான். நாம் பற்றை வெட்டிக் காணி துப்புரவாக்குவது ஆவணி, புரட்டாதியில். அந்த நேரத்தில் இலையும் இல்லை, பூவும் இல்லை. மண்வெட்டியில் வெறும் கிழங்கு மட்டும் வந்து விழும்.

பாட்டிலும் வழிபாட்டிலும்

சங்ககாலப் புலவர்கள் காந்தளை மலைநிலத்துப் பூவாகப் பாடினார்கள். எமக்கோ அது கடற்கரை மணலிலும் காட்டோரத்திலும் பழக்கமான பூ. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. அந்த வரிசையில் முதலில் நிற்பது காந்தள். பெண்களின் விரல்களுக்குக் காந்தளை உவமையாகச் சொல்வது பழைய மரபு. முருகன் காந்தள் மாலை சூடியவன் என்று திருமுருகாற்றுப்படை கூறுகிறது. முருகனுக்காக வேலன் ஆடும் வெறியாட்டோடு காந்தளைத் தொல்காப்பியமும் சேர்த்துச் சொல்கிறது. கார்த்திகை விளக்கீட்டுக் காலத்திலேயே, ஏற்றிவைத்த சுடரைப் போன்ற பூ காட்டில் மலர்வது எமது மக்களின் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

செங்காந்தள் இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ஆபிரிக்காவில் சிம்பாப்வே நாட்டின் தேசியப் பூவும் இதுதான். போர்க்காலத்தில் விடுதலைப் புலிகள் இதைத் தமது தேசியப் பூவாக அறிவித்திருந்தார்கள். அதனால் பல வீடுகளில் இந்தப் பூவைக் காணும்போது இழந்த பிள்ளைகளின் நினைவு எழுகிறது. அந்தக் கண்ணீரை மதிக்கிறோம். அதேவேளை அந்த நினைவுகளுக்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்தப் பூ எமது காடுகளில் பூத்து வந்தது என்பதையும், அதைப் பற்றிய அறிவு பாட்டன் பாட்டி வழியாக எமக்கு வந்தது என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பரியாரியும் மருத்துவச்சியும்

சித்த, ஆயுர்வேத வைத்தியங்களில் கலப்பைக்கிழங்குக்கு இடம் உண்டு. மூட்டு வலிக்கும் சில தோல் நோய்களுக்கும் எண்ணெயிலும் பூச்சிலும் சேர்த்தார்கள். தேள்கடி, பாம்புக்கடிக்கு அரைத்துப் பூசினார்கள். பேன் ஒழிக்க இலைச்சாறு தலையில் தடவப்பட்டது. பிள்ளைப்பேறு தாமதமானால் மருத்துவச்சி கிழங்கை அரைத்து வயிற்றிலோ உள்ளங்காலிலோ பூசி, பிள்ளை பிறந்ததும் உடனே கழுவிவிடுவார்.

இந்தப் பயன்கள் எல்லாவற்றிலும் ஒரு ஒழுங்கைக் காணலாம். பெரும்பாலும் வெளிப்பூச்சு. உள்ளுக்குக் கொடுப்பதென்றால் முதலில் கிழங்கைச் சுத்தி செய்ய வேண்டும். துண்டு துண்டாக வெட்டி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து, இப்படிப் பல நாட்கள் செய்வார்கள். இதைப் பரியாரி மட்டுமே செய்வார். வீட்டார் செய்வதில்லை. அயலவர் சொல்லக் கேட்டு ஒருவர் கைவைப்பதில்லை. அறிவும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தன.

அந்தப் பழைய பயன்களில் சிலவற்றை இன்று நாம் கைவிடவே வேண்டும். பாம்பு கடித்தால் பூச்சுப் பூசிக் காலத்தைக் கடத்தாதீர்கள். பாம்பின் நஞ்சை முறிக்கும் ஊசி வைத்தியசாலையில்தான் இருக்கிறது. பிள்ளைப்பேறும் அப்படியே. முற்காலத்து மருத்துவச்சிக்கு வேறு வழி இருக்கவில்லை. எமக்கு இருக்கிறது. புண்ணுள்ள தோலிலும் தலையிலும் இந்தச் சாற்றைத் தடவுவதும் ஆபத்து.

நஞ்சு எப்படி வேலை செய்கிறது?

கிழங்கிலும் விதையிலும் உள்ள முக்கிய நஞ்சின் பெயர் கொல்சிசின். 1820இல் பிரான்ஸ் நாட்டில் பெல்லத்தியே, கவாந்து என்ற இருவர் இதை ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். எமது கார்த்திகைப்பூ அந்தச் செடிக்கு உறவானது.

எமது உடல் கோடிக்கணக்கான சிறு கலங்களால் ஆனது. பழைய கலம் தேய, ஒரு கலம் இரண்டாகப் பிரிந்து புதியது வருகிறது. கொல்சிசின் இந்தப் பிரிவை நிறுத்திவிடுகிறது. வேகமாகப் பிரியும் கலங்கள் உள்ள இடங்கள்தான் முதலில் பாதிக்கப்படும்: குடலின் உட்சுவர், இரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மச்சை, மயிரின் வேர்.

அதனால்தான் இந்த நஞ்சு மூன்று கட்டங்களாகத் தாக்குகிறது. உண்டபின் பெரும்பாலும் 2 முதல் 6 மணித்தியாலங்களில், சிலவேளை இன்னும் பிந்தி, வாந்தியும் வயிற்றுவலியும் கடும் வயிற்றோட்டமும் தொடங்கும். வாந்திபேதி நோய் என்றே நினைக்கத் தோன்றும். பிறகு ஓரளவு தணிந்தது போல் தெரியலாம். அடுத்து வரும் நாட்களில் இரத்தக் கலங்கள் குறைந்து, இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு, உயிருக்கு ஆபத்து வரும். பிழைத்தவர்களுக்கு ஓரிரு கிழமைகளில் தலைமயிர் கொட்டிவிடும். இந்தக் கிழங்கு நஞ்சினால் உடல் மயிர் முழுவதும் உதிர்ந்த ஒரு நோயாளியைப் பற்றி 1966இல் இலங்கை மருத்துவர் ஒருவர் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்.

இதே கொல்சிசின் அளவறிந்து பயன்பட்டால் நன்மை செய்கிறது. கவுட் என்னும் மூட்டுவீக்க நோய்க்கு மருத்துவர்கள் இதைக் குளிசையாகக் கொடுக்கிறார்கள். சிலவகை இதய நோயாளருக்கு மிகக் குறைந்த அளவில் கொடுக்க அமெரிக்கா 2023இல் அனுமதித்தது. பயிர் ஆராய்ச்சியிலும் இது உதவுகிறது. விதையில்லாத வத்தகப்பழத்தை ஜப்பானிய விஞ்ஞானி கிஹாரா உருவாக்கியது கொல்சிசினின் துணையோடுதான். மருந்தாவதும் நஞ்சாவதும் அளவிலும் அறிவிலும் தங்கியிருக்கிறது.

அறுந்த சங்கிலி

1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் தமது வீடுகளையும் வயல்களையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 2009இல் போர் முடிந்த பின்னர்தான் திரும்பிச் செல்லும் வழி திறக்கத் தொடங்கியது. இடையில் இருபத்தைந்து ஆண்டுகள். சொந்தக் காணி முழுவதும் இன்றுவரை கைக்கு வராத குடும்பங்களும் உண்டு. வெளியேறும்போது பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் பிள்ளைகள் தறப்பாள் கொட்டிலிலும் நலன்புரி நிலையத்திலும் வளர்ந்தார்கள்.

காணியையும் மாட்டையும் இழந்தோம் என்று கணக்கிடுகிறோம். இன்னொரு இழப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. காட்டுக்கு விறகுக்குப் போகும் தாயின் பின்னால் நடந்து, இது தின்னலாம், இது தின்னக்கூடாது என்று பிள்ளை கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. காட்டோரம் நடந்தால்தான் அந்தப் பாடம் நடக்கும்.

போர்க்காலப் பசியில் எம்மவர் பலர் காட்டுக்கிழங்கு கிண்டியும் குளத்தில் கொட்டிக்கிழங்கு எடுத்தும் உயிர் காத்தார்கள். தெரிந்தவர் பக்கத்தில் இருந்ததால் அது முடிந்தது. திருவிவிலியத்தில் அரசர்கள் இரண்டாம் நூல் 4ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்று உண்டு. கில்காலில் பஞ்சம். கூழ் காய்ச்ச ஒருவர் வயலுக்குப் போய், என்னவென்று தெரியாமல் காட்டுக்கொடியின் காய்களை மடி நிறையப் பறித்து வந்து பானையில் அரிந்து போடுகிறார். உண்ணத் தொடங்கியவர்கள் பானைக்குள் சாவு இருக்கிறது என்று அலறுகிறார்கள். இறைவாக்கினர் எலிசா அவர்களைக் காப்பாற்றுகிறார். அந்த மனிதர் தீயவர் அல்லர். பசித்தவர்களுக்கு உணவு தேடியவர். அவருக்கு இல்லாதிருந்தது அந்த இடத்துச் செடிகளைப் பற்றிய அறிவு ஒன்றே. ஊரை விட்டு நெடுநாள் பிரிந்திருந்த எமக்கு இந்த நிகழ்ச்சி நன்றாகவே விளங்கும்.

அடையாளம் காண்பது எப்படி?

கலப்பைக்கிழங்கை வத்தாளங்கிழங்கு என்றோ காட்டு வள்ளி என்றோ பிழையாக எண்ணி அவித்து உண்டவர்கள் இலங்கையில் இறந்திருக்கிறார்கள். அவித்தாலும் சுட்டாலும் இந்த நஞ்சு போகாது. வேறுபாட்டை இப்படிக் காணலாம்.

இலையில்: கார்த்திகைப்பூ இலை நீண்டு ஒடுங்கியது. நரம்புகள் நேர்கோடாக ஓடும். நுனி சுருண்டிருக்கும். வள்ளி வகைகளுக்குக் காம்பு உண்டு. இலை பெரும்பாலும் இதய வடிவம், சிலவற்றில் மூன்று அல்லது ஐந்து பிரிவு. சுருள் நுனி இல்லை. தண்டுதான் சுற்றி ஏறும். வத்தாளை நிலத்தில் படரும். தண்டை ஒடித்தால் பால் வரும்.

கிழங்கில்: கலப்பைக்கிழங்கு விரல் பருமனில் வழவழப்பாக, இரு கிளையாகக் கவர் விட்டோ ஒரு பக்கம் வளைந்தோ இருக்கும். முனைகள் கூராக ஒடுங்கும். உள்ளே வெள்ளை. கவர் உடைந்த துண்டு ஒரு சிறு வத்தாளங்கிழங்கு போலவே தோன்றும். சுவைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

கோடையில் இலையில்லாமல் கிடைக்கும் கிழங்குக்கு ஒரே விதி: கொடியைக் காணாத கிழங்கு அடுப்புக்குப் போகக்கூடாது. மிதிவெடி அபாயம் இருந்த காணிகளில் தெரியாத பொருளைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குப் பழக்கினோம் அல்லவா? அதே பழக்கத்தைத் தெரியாத கிழங்குக்கும் தெரியாத விதைக்கும் பழக்குவோம்.

வளவுக்குள் இந்தக் கொடி இருந்தால், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அகற்றிவிடுவது நல்லது. கிழங்கை எடுத்தபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெட்டியெடுத்ததை வளவில் போட்டு வைக்காமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். உண்ணும் கிழங்கு வைத்த கடகத்தில் ஒருபோதும் சேர்க்க வேண்டாம். ஆடு மாடு மேய்ந்தாலும் அவற்றுக்கு இது நஞ்சே. காட்டில் நிற்பதை அங்கேயே விட்டுவிடுங்கள். அது காட்டுக்கு அழகு.

யாராவது உண்டுவிட்டால்

வாந்தி வரும்வரை காத்திருக்காதீர்கள். உண்டது தெரிந்த உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மிகுதிக் கிழங்கையோ கொடியையோ கையோடு எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டைக்குள் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வழியில் நினைவோடு இருந்தால் ஜீவனியை மடக்கு மடக்காகக் கொடுக்கலாம். வயிற்றோட்டம் நின்றுவிட்டது, சுகமாகிவிட்டது என்று வைத்தியர் விடும்முன் வீட்டுக்கு அழைத்துவர வேண்டாம். பெரிய ஆபத்து அதற்குப் பிந்திய நாட்களில்தான் வரும். இந்த நஞ்சுக்கு எமது வைத்தியசாலைகளில் தனி முறிவு மருந்து இல்லை. நேரத்தோடு கிடைக்கும் பராமரிப்பே உயிரைக் காக்கும்.

இதைப் பயிரிட்டு வருமானம் பெறலாமா?

தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கங்களில் விவசாயிகள் இதை வயலில் நட்டு விதைக்காக வளர்க்கிறார்கள். மருந்துக் கம்பனிகள் அந்த விதையை வாங்குகின்றன. கம்பியும் கிளுவைக் கதியாலும் கட்டிக் கொடி ஏற்றி, பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். வேலை மிகுந்த பயிர். விலையும் ஆண்டுக்காண்டு ஏறி இறங்குகிறது. நட்டபின் வாங்க ஆளில்லாமல் போனால் நட்டம் முழுவதும் விவசாயிக்கே. ஆகவே எழுத்தில் உறுதிதரும் கொள்வனவாளர் இல்லாமல், விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனை இல்லாமல், எவரும் இதில் இறங்க வேண்டாம். காட்டுக் கிழங்கைக் கிண்டி விற்கத் தூண்டுபவர்களிடமும் கவனமாக இருங்கள். கிழங்கு போனால் அடுத்த கார்த்திகைக்குப் பூவும் இல்லை.

கிராமத்தில் செய்யக்கூடியது

இதற்குப் பணம் தேவையில்லை. வரும் கார்த்திகையில், கொடி பூத்து நிற்கும்போது, மாதர் சங்கமோ இளைஞர் கழகமோ ஒரு நாளை ஒதுக்கட்டும். ஊரில் மூத்த ஐயா ஒருவரையும் ஆச்சி ஒருவரையும் முன்னால் விட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டோரம் நடவுங்கள். கார்த்திகைப்பூவோடு தொடங்கி, அவர்கள் அறிந்த ஒவ்வொரு செடியையும் காட்டச் சொல்லுங்கள். பள்ளிப்பிள்ளை ஒருவர் கொப்பியில் எழுதட்டும்: பெயர், இலை, பூ, பூக்கும் மாதம், தின்னலாமா கூடாதா, யார் சொன்னது. அந்தக் கொப்பி ஊரின் சொத்தாக இருக்கட்டும். இந்த வேலையைப் பிற்போட வேண்டாம். சொல்லித்தரக்கூடியவர்கள் ஆண்டுதோறும் எம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கூட்டத்தில் கலந்துரையாட:

1. எமது காணிகளில் கலப்பைக்கிழங்கு உள்ள இடங்கள் எவை? பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டியிருக்கிறோமா?

2. எமது ஊரில் செடிகளை நன்கு அறிந்த முதியவர்கள் யார்? அவர்களிடம் கடைசியாக யார், எப்போது கேட்டுக் கற்றார்?

3. முன்னோரின் வைத்திய முறைகளில் நாம் தொடரக்கூடியவை எவை, கைவிட வேண்டியவை எவை? ஏன்?